பாண் ஆட்டோவின் பென் ட்ரைவ்

என் மூத்த சகோதரி றுஸ்தா ராத்தாவின் ஆய்வறிக்கையைக் கெம்பஸ் இணையத்தளத்தில் ஏற்றுவதற்குக் கடைசி நேரம் வியாழன் பின்னேரம் நான்கு மணி. வியாழன் காலை பத்து மணிக்கு, அந்த அறிக்கை இருந்த கம்பியூட்டர் நீலத் திரையைக் காட்டி, அணைந்து, எழும்பி, மறுபடியும் அதே நீலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். முதல்நாள் அப்டேட் முப்பத்தேழு சதவீதத்தில் நின்றபோது பிளக்கைக் கழற்றியவன் நான்தான். என் போனைச் சார்ஜில் போட வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

"அஸ்ஹர், ஒனக்கு ஏலுமா, ஏலாதா? ஏலாட்டி இப்பவே சொல்லு," என்றாள் ராத்தா. குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சாகாமத்தில் நூற்றிருபது விவசாயிகளை வரம்பு வரம்பாகத் தேடிப்போய்க் கதைத்து எழுதிய அறிக்கை அது. ஒரு வருட வெயில்.

"ஓஎஸ்ஸத் திருப்பி அடிச்சாச் சரி ராத்தா. ஒரு மணித்தியால வேல."

எங்கள் ஊரில் ஓஎஸ் அடிப்பதுதான் வழக்கம். நிறுவுவதெல்லாம் பாடப் புத்தகத்தில். அதற்கான டிவிடி அலுமாரியில், காணி உறுதிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. டிஸ்க் ட்ரைவ் அதை உள்ளே வாங்கி, அரைத்துப் பார்த்து, திருப்பித் தந்தது. மூன்று தரம். நாலாம் தரம் தரவேயில்லை. உம்மா கொண்டுவந்த ஈர்க்கிலால் கிண்டினேன். எறும்புகள் வந்தன. டிவிடி வரவில்லை.

"பென் ஒண்டு வேணும்," என்றேன்.

எங்கள் தெருவுக்கு இருப்பதே ஒரு பென் ட்ரைவ். அது றிம்சான் காக்காவின் பாண் ஆட்டோவில் செருகியிருக்கும். அவர் பேக்கரிப் பாண், பணிஸ் விற்க வரும்போது கேட்கும் மெட்டு அதில்தான் இருக்கிறது. யாருக்கு என்ன பிரிண்ட் எடுக்க வேண்டுமானாலும் அதைக் கழற்றிக்கொண்டு முஸ்தாக்கின் கொமியூனிகேசன் கடைக்கு ஓடுவோம். பிறப்புச் சான்றிதழ், கலியாண பயோடேட்டா, பள்ளிவாசல் நோட்டீஸ் எல்லாம் அதற்குள் கிடக்கும். ஆட்டோ பாட்டை மட்டும் பாடும், மற்றதைக் கண்டுகொள்ளாது.

பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த றிம்சான் காக்காவைப் பள்ளிவாசலடியில் பிடித்தேன்.

"மூணரைக்கு ரவுண்ட் போகணும்டா. மெட்டில்லாட்டி ஒரு மனிசன் கேட்டத் தொறக்க மாட்டான். வாயாலயா கத்திற?"

"மூணுக்குத் தாறன் காக்கா. உள்ளுக்கு இரிக்கிறத என்ட போன்ல எடுத்து வெச்சிருவன்."

"என்ட ஸ்பேனரையும் இப்பிடித்தான் எடுத்துட்டுப் போனாய்."

"அது வேற கேஸ் காக்கா."

முஸ்தாக்கின் கடையில் மெட்டை மட்டும் தேடிப் போனுக்கு எடுக்கத்தான் நினைத்தேன். அறுநூறு கோப்புகள் இருந்தன. தேடச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். முஸ்தாக் பென்னைத் துடைத்து ஓஎஸ்ஸை ஏற்றித் தந்தான்.

வீட்டுக்கு வந்து, பென்னைச் செருகி, விசைப்பலகையின் மேல்வரிசையில் இருந்த அத்தனையையும் அமத்தினேன். எது வேலை செய்தது என்று இன்றுவரை தெரியாது. திரையில் இரண்டு பகுதிகள் வந்தன. சீ, டீ என்ற எழுத்துகள் இல்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒன்றை நான் அழிக்க வேண்டும்.

"ராத்தா, ஒங்கட பைல் எதுல?"

"டீல. முக்கியமானத டீல போடச் சொன்னதே நீதானே?"

ஒரு பகுதி நிரம்பி வழிந்தது. எங்கள் குடும்பத்துக் கலியாண வீடியோக்கள் அங்கேதான் இருக்கும். மூன்று கெமரா, ஒவ்வொன்றிலும் நாலு மணித்தியாலம். ஆகவே அதுதான் டீ. பிஸ்மி சொல்லி மற்றதை அழித்தேன்.

இரண்டரைக்கு ஓஎஸ் எழும்பியது. டீயைத் திறந்தேன். கலியாணங்கள் அத்தனையும் சுகமாக இருந்தன. 'ஆய்வு' என்ற கோப்புறைக்குள் ஒரே ஒரு படம் இருந்தது. அதன் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"என்னடா? தொறவன்."

"ராத்தா... இது பைல் இல்ல. ஷோர்ட்கட். பைல் எங்க இரிக்கி எண்டு காட்டுற கை மட்டும்தான்."

"அப்ப பைல் எங்க?"

"டெஸ்க்டொப்ல. இப்ப நான் அழிச்சனே, அதுல."

ஒரு வருடமாக அவள் அந்தக் கையைத்தான் பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கிறாள். ராத்தா நிலத்தில் இருந்துகொண்டாள். உம்மா "யா அல்லாஹ்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்று மணிக்கு வாசலில் றிம்சான் காக்கா. "என்ட பென் எங்கடா?" ராத்தாவின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "என்ன புள்ள? யாரும் மௌத்தா?"

சொன்னேன்.

"அண்டைக்கு என்ட பென்ல கொண்டுபோய் பிரிண்ட் எடுத்தாவே, அந்தப் பெரிய புத்தகமா?"

ராத்தா நிமிர்ந்தாள். நான் போனைத் திறந்து அவள் பெயரைத் தேடினேன். இல்லை. சாகாமம் என்று தேடினேன். இல்லை.

"என்ட பேரப் போட்டுப் பாருடா. பென் யார்ட எண்டு பாத்துத்தானே முஸ்தாக் பைலுக்குப் பேர் வெக்கிற."

'றிம்சான் பாண் ஆட்டோ' என்ற பேரில், வரிசை எண்ணோடு பதினான்கு கோப்புகள் இருந்தன. முதலாவது யாரோ ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். நாலாவது மாப்பிள்ளை பயோடேட்டா. போனில் சார்ஜ் மூன்று சதவீதம். பதினோராவதைத் தொட்டேன். சாகாமக் குளத்து நீர்ப்பங்கீடு, பக்கம் ஒன்று.

சார்ஜரோடு பிளக்கை நோக்கிக் குனிந்தேன். ராத்தா என் கையைப் பிடித்தாள்.

"அதத் தொடாத. நேத்தும் இதத்தானே கழட்டினாய்?"

நான் சார்ஜர் வயரைச் சுருட்டினேன்.

"போய்க் குசினில குத்து."

அடுப்படிக் குசினியில் சார்ஜரைக் குத்தி, கோப்பை ராத்தாவின் மெயிலுக்கு அனுப்பினேன். அந்தப் பிரதி இரண்டு கிழமைக்கு முந்தியது. கடைசி அத்தியாயம் இல்லை. புது ஓஎஸ்ஸில் எழுதும் மென்பொருளும் இல்லை. ராத்தா இணையத்தில் அதைத் திறந்து முடிவுரையை மனதிலிருந்து தட்டினாள். றிம்சான் காக்கா கதிரை நுனியில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தார். அவருடைய மெட்டு என் போனில், போன் குசினியில், பாண் ஆட்டோவில் ஆறிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் அசையவில்லை.

மூன்று ஐம்பத்தேழுக்கு ராத்தா பொத்தானை அமத்தினாள். வட்டம் சுற்றியது. ஐம்பத்தொன்பதுக்குக் கெம்பஸிடமிருந்து பதில் வந்தது. ராத்தா வாசித்தாள், திரும்பவும் வாசித்தாள்.

"என்னவாம்?" என்றார் றிம்சான் காக்கா.

"'றிம்சான் பாண் ஆட்டோ பதினொண்டு' கிடைச்சிட்டாம். இனி மாத்த ஏலாதாம்."

அவர் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார். "அப்ப பட்டமளிப்புக்கு என்னையும் கூப்பிடுவாங்களா புள்ள?"

அப்போதுதான் ராத்தா அழத் தொடங்கினாள்.