கூட்ட அறையில் ஊறிய தண்ணீர்

மெத்தை கம்பெனியின் இரண்டாவது மாடிக் கூட்ட அறையில், பேசிக்கொண்டே இருந்து எதையும் முடிவு செய்யாவிட்டால் தரையிலிருந்து தண்ணீர் ஊறும். பிளம்பர் வந்து பார்த்து, அந்தத் தளத்தில் குழாயே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். விற்பனைப் பிரிவு ஆள் மேஜைக்கு அடியில் ரப்பர் செருப்பு வைத்திருந்தான். மேனேஜர் நாற்காலி கொஞ்சம் உயரம். அதனால் தண்ணீர் வந்த சேதி அவருக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். எல்லோரும் எழுந்திருக்கப் போகிற நேரத்தில் "இன்னொண்ணு" என்று ஆரம்பிப்பது அவர் வழக்கம். முதுகுக்குப் பின்னால் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. ஒரு இன்னொண்ணுக்கு நாலு விரற்கடை தண்ணீர் ஏறும்.

யாராவது ஒருத்தர் "இதை நான் செய்யறேன், இந்தத் தேதிக்குள்ள" என்று சொன்னால் தண்ணீர் வடிந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டார்கள், சொன்னால் செய்ய வேண்டுமே. கதவு வேறு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டால் எத்தனை பேர் இழுத்தாலும் அசையாது. அதை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றலாமா என்று ஒரு வருஷம் முழுக்கக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அந்த வருஷம்தான் தண்ணீர் முதல்முறையாக இடுப்பு வரை வந்தது.

ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குத்தான் அந்தக் கதவு சீக்கிரம் திறந்தாக வேண்டும். அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. பேச்சும் போய்விட்டது. பகலில் பக்கத்து வீட்டு அக்கா கூட இருப்பாள். ஆனால் அந்த அக்காவுக்கு ராத்திரி ஷிப்ட், ஆறு மணி பஸ்ஸை விட முடியாது. தனியாக விட்டால் கணவர் எழுந்து நடக்கப் பார்ப்பார். நடந்தால் விழுவார். கூட்டமோ நாலு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். அதனால் தண்ணீர் கெண்டைக்காலைத் தொட்டதும் அவள் "நான் பாத்துக்கறேன் சார்" என்று சொல்லிவிடுவாள். தண்ணீர் வடியும், கதவு திறக்கும், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். குட்டக் குட்டக் குனிகிற ஒருத்தி கிடைத்தால் யார்தான் குட்டுவதை நிறுத்துவார்கள்? சில வருஷங்களில் லாரி பிடிப்பது, கிழிந்த மெத்தைக்கு வருகிற புகார், மாடிப்படி விளக்கு, வாட்ச்மேனுக்குக் குடை எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தது. அவளுடைய சொந்த ஸ்டோர்ஸில் எலி குட்டி போட்டிருந்தது.

பஞ்சில் ஈர வாடை அடிக்கிறது, அதைக் கொடுக்கிற ஆளிடம் வாங்குவதை நிறுத்துவதா வேண்டாமா என்று மூன்று வாரமாகப் பேச்சு நடந்தது. பஞ்சு கொடுக்கிறவர் மேனேஜரின் மச்சான். அதனால் கணக்கர் குடோன் கூரையைப் பற்றிப் பேசினார், விற்பனை ஆள் மழைக்காலத்தைப் பற்றிப் பேசினான். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. அவள் வழக்கம்போல "நான் பாத்துக்கறேன் சார்" என்றாள். தண்ணீர் அசையவில்லை.

"அக்கா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. அதுக்குக் காது மந்தம் போல," என்றான் விற்பனை ஆள்.

சத்தமாகச் சொன்னாள். தண்ணீர் இன்னும் ஏறியது. தன்னால் ஆகாது என்று அவளுக்கே தெரியும். இப்போது தண்ணீருக்கும் தெரிந்துவிட்டது. டீ கிளாஸ்கள் மேஜையை விட்டு மிதந்து போயின.

"இதுல எனக்கு என்ன சார் அதிகாரம் இருக்கு? எதுக்கு எங்களக் கூப்பிட்டீங்க?" என்றாள் அவள்.

"எதுக்குன்னா... எல்லாருமா கலந்து பேசி..." என்று இழுத்தார் மேனேஜர்.

"மூணு வாரமாக் கலந்துதான் பேசறோம். இன்னும் கொஞ்சம் போனா தண்ணியோடவே கலந்துடுவோம்," என்றார் கணக்கர், மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே.

"சார், பக்கத்து வீட்டு அக்கா கிளம்பிடுவா," என்றாள் அவள். " வீட்டுல அவர் தனியா இருப்பாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லுங்க. முடிவு யார் கையில இருக்கு?"

தண்ணீர் மேனேஜரின் நெஞ்சுக்கு வந்திருந்தது. "என் கையிலதாம்மா. நான் நிறுத்தினா என் பொண்டாட்டி வீட்டுல ஒரு வழி பண்ணிடுவா. நீங்கள்லாம் சேர்ந்து சொன்ன மாதிரி இருக்கட்டுமேன்னு பாத்தேன்." தண்ணீர் அப்படியே நின்றது. "நாளைக்குக் காலைல நானே போய்ச் சொல்லிடறேன்." அவர் சொல்லி முடிக்கும் முன்பே தண்ணீர் வடியத் தொடங்கியது.

அவள் சொட்டச் சொட்ட ஓடினாள். வீட்டில் அக்கா இல்லை. கணவர் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் தரையில் கிடந்தார், புருவம் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அவள் வருவாள் என்று கதவைத் திறந்து வைக்கத்தான் வந்திருக்கிறார். அவளால் தூக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அழக்கூட அசதியாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் தன் வேலையைத் தவிர எதையும் ஏற்கவில்லை. கூட்டம் என்று கூப்பிட்டால் வாசலில் நின்றபடியே, எதுக்கு, யார் முடிவு பண்ணப் போறது, அஞ்சுக்குள்ள முடியுமா என்று கேட்பாள். பதில் வராவிட்டால் உட்கார மாட்டாள். "பெரிய ஆபீசரம்மா," என்று முணுமுணுத்தார்கள். போகப்போக அவர்களும் அதையே கேட்டார்கள். திருந்தியெல்லாம் இல்லை, ஈரத் துணியோடு பஸ்ஸில் போய்ப் போய் அலுத்துவிட்டது. மச்சான் இரண்டு வருஷம் மேனேஜர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மெத்தையில் வாடை அடிப்பது நின்றது. தண்ணீர் மட்டும் அடியோடு நிற்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் கழிப்பறை எங்கே, சாப்பிடும் இடம் எங்கே என்று காட்டுகிறபோது, அந்த ரூமில் தண்ணீர் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

இப்போது அவள் அக்கா கிளம்புவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கணவர் நல்ல கையை முழங்கால் உயரத்தில் பிடித்து, பிறகு இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, இன்றைக்கு எதுவரை என்று கேட்பார். அவள் குனிந்து கணுக்காலைத் தொட்டுக் காட்டுவாள். "இவ்ளோதான்." அவர் தலையை ஆட்டிவிட்டு, அவள் கால் நீட்டக் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து கொடுப்பார்.