வும்பேலாவை வீட்டுக்கு அழைத்தது

போனகேலே மகலீமா இறந்த கட்டிலில் அதற்குள் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

"அரை மணி நேரம் தர்றேன். சாயங்காலம் அடுத்த நோயாளி வந்துருவாரு. அதுக்குள்ள அவரைக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள் நர்ஸ்.

உடல் காலையிலேயே வண்டியில் கிளம்பி, கெய் ஆற்றுக்கு அப்பாலுள்ள வீட்டுக்குப் போய்விட்டது. ஆவியைத்தான் இன்னும் அழைக்கவில்லை. அவர்கள் வழக்கப்படி, முள்மரக் கிளையைக் கையில் ஏந்தி, குலப்பெயரும் அதன் புகழ்ப்பெயர்களும் சொல்லி யாராவது அழைத்தால்தான் அது எழுந்து வரும். இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவர்கள் வந்து படுக்கும் இந்தக் கட்டிலிலேயே கிடந்து தவிக்கும். அழைக்கத் தொடங்கியபின் கிளை கையில் இருக்கும்வரை அழைப்பவர் இறந்தவரோடு மட்டுமே பேசலாம். உயிரோடிருக்கிற எவரோடும் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது.

அந்தக் கிளையை ஏந்தத்தான் அவருடைய வளர்ப்பு மகள் நொம்வூசோ ஆசைப்பட்டாள்.

"நான் கூப்பிடுறேனே சித்தப்பா. ஆறு மாசமா பக்கத்துல இருந்தவ நான்."

வேலிலே கிளையைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இறந்தவரின் ஒரே தம்பி. ருஸ்டன்பர்க் சுரங்கத்திலேயே முப்பது வருஷத்தைக் கழித்தவர். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்ததில் கண்கள் சிவந்திருந்தன.

"நர்ஸும்தான் பக்கத்துல இருந்தா. அவகிட்ட குடுத்துரலாமா?"

"என் பேர்லயும் மகலீமா இருக்கே."

"அது அடையாள அட்டைக்கு. எங்க முப்பாட்டனுங்க அட்டையைப் பார்த்தா ஆளை உள்ள விடுறாங்க? நீ சிலாந்தா குலத்துப் பொண்ணும்மா. நீ கூப்பிட்டா சிலாந்தா ஆளுங்கதான் எழுந்து வருவாங்க. என் அண்ணன் அசைய மாட்டான்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது. பெற்றவன் செத்த மறு வருஷம், மூன்று வயதில், அம்மாவின் முதுகில் தொங்கிக்கொண்டு அவள் அந்த வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது போனகேலே தன் குடும்பப் பெயரைக் கொடுத்தார். வும்பேலா என்ற குலப்பெயரை மட்டும் கொடுக்கவில்லை. அம்மா ராத்திரி சோளக்குருணையும் பயறும் பரிமாறும்போது, "நன்றி வும்பேலா" என்று தொடங்கி அவருடைய புகழ்ப்பெயர்கள் எல்லாவற்றையும் சொல்லித்தான் தட்டை வைப்பாள். அதைக் கேட்டுக் கேட்டே நொம்வூசோவுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் அவள் தும்மினாலும், பரீட்சையில் தேறினாலும், அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாலும், அவர் வாயில் வந்தது "சிலாந்தா"தான்.

பத்து வயதில் ஒரு முறை கேட்டாள். "என்னையும் வும்பேலான்னு கூப்பிடுங்கப்பா." அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே, "மழை வரும்னு சொல்றான் பாரு" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது.

வேலிலே தொப்பியைக் கழற்றினார். கிளையைத் தலையணையில் வைத்து மெல்ல இழுத்தார்.

"அண்ணா, நான்தான் வேலிலே. வீட்டுக்குப் போலாம் வா. வும்பேலா. நீளக்கொம்பன் மகனே. வெள்ளத்துல நெருப்பை அணையவிடாம கொண்டுவந்தவனே."

அங்கே நின்றுவிட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் வெள்ளத்தைத் தாண்ட முடியவில்லை. அடுத்தது என்னவென்று யாரையும் கேட்கவும் வழியில்லை. கையில் கிளை. அறுபது வயது மனிதர் கட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

நொம்வூசோ சித்தப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. தலையணையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"எலும்பைக்கூட நாய்க்குப் போடாதவனே."

அம்மா வேண்டுமென்றே அழுத்திச் சொல்லி அவரைச் சீண்டுகிற பெயர் அது. வேலிலேயின் முகத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்தது, உடனே கோணிக்கொண்டு அழுகையாயிற்று. அதைத் திருப்பிச் சொன்னார். அடுத்ததையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். அதற்கடுத்ததையும். கடைசிப் பெயர்வரைக்கும் அவள் சொல்ல, அவர் பின்னாலேயே சொல்லி வந்தார்.

அறை வாசலில் அவர் நின்றார். கிளையை அவள் கையில் திணித்தார்.

"நீயே தூக்கு. நான் பாதி வழியில விட்டுருவேன் போலிருக்கு."

"நானா?" என்று கேட்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். "போய்ட்டு வாம்மா" என்ற நர்ஸுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. வேனில் பின் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் காலியாக விட்டு, அங்கே கிளையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். திரும்ப வேண்டிய இடங்களில் "அப்பா, இங்க திரும்புறோம்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

முன் இருக்கையிலிருந்த வேலிலேக்கு இப்போது வாய் திறந்துவிட்டது.

"அப்பவே நான் கேட்டேன்மா. 'பொண்ணுக்கு நம்ம பேரையே வெச்சிரு, ஒரு ஆட்டை வெட்டிச் சொல்லிரு, பெரியவங்க ஏத்துக்குவாங்க'ன்னு. என்னை அடிக்க வந்துட்டான். 'அவளைப் பெத்தவன் செத்துட்டான்டா. அவன் முப்பாட்டனுங்க அவளைத் தேடிட்டு இருப்பாங்க. நான் என் பேருக்குப் பின்னால அவளை ஒளிச்சு வெச்சா, நாளைக்கு அவளுக்கு உடம்பு முடியலன்னா அவங்க எப்படிக் கண்டுபிடிச்சுக் காப்பாத்துவாங்க'ன்னான். உன் குலத்துப் பேருங்களைக் கத்துக்க எங்கயோ மலையடிவாரத்துல ஒரு வீட்டுக்கு ரெண்டு நாள் நடந்து போனான், தெரியுமா?"

தெரியாது. எந்த வீடு? எப்போது? இதை ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை? தொண்டை வரைக்கும் வந்த கேள்விகளை அவளால் கேட்க முடியவில்லை. கிளையின் முள் உள்ளங்கையில் குத்தியது.

சாலை வளைந்து வளைந்து பள்ளத்தாக்கில் இறங்கியது. பாலத்துக்கு முன்னால் டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைத்தான்.

"அப்பா, கெய் ஆறு வந்துருச்சு. கடக்கப் போறோம். பயப்படாதீங்க. வும்பேலா" என்றாள். அடுத்த பெயருக்குப் போகாமல் காலி இருக்கையைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"நான் கேட்டேனேப்பா. அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே. நீங்க என்னை வேணாம்னு நினைச்சீங்கன்னு தானே நான் இத்தனை வருஷம் இருந்தேன்."

தன்னைக் கேட்ட கேள்வி அல்ல என்பதால் வேலிலே திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. கீழே பழுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாலம் முடிந்து, வண்டி அக்கரையில் ஏறத் தொடங்கியது.

"கடந்துட்டோம்பா" என்றாள்.