பரராசசிங்கத்தார் வைத்த பொட்டு

தன் அப்பப்பா குதிரையில் போவதைப் பார்க்கும் பாக்கியம் பரராசசிங்கத்தாருக்கு எழுபது வயதை எட்டும்போதுதான் வாய்த்தது. தகப்பனைப் பெற்ற அந்த மனிதர் உயிரோடிருந்த காலத்தில் குதிரை ஏறியவர் அல்லர். ஏறியதெல்லாம் மாட்டுவண்டி, அதுவும் அடுத்தவருடையது. மிஞ்சியிருந்த ஒரே புகைப்படத்தில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நின்றார். அதை ஓடும் படமாக்கிய கொம்பியூட்டர் குடையைப் பிடுங்கிவிட்டு வாளைக் கொடுத்தது. துண்டுக் காணியைக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீட்டிவிட்டது. மீசையையும் தன் பங்குக்கு வளர்த்துக் கொடுத்தது.

இந்தப் படத்தைச் சனிக்கிழமை டுசல்டோர்ஃபிலிருந்து ஹம் நகரிலுள்ள தன் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போட்டுக் காட்டுவதென்று அவர் முடிவு செய்திருந்தார். அவருடைய மகள் கஜந்திக்கு வந்த சம்பந்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே சந்தித்து, பேசி, பிடித்துப்போய், ரைன் நதிக்கரையில் ஐஸ்கிறீமும் குடித்தாயிற்று. இனிப் பெரியவர்கள் கூடித் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சும்மா தலையாட்டுகிற குடும்பமா பரராசசிங்கத்தாருடையது?

குதிரைக் காட்சிதான் கழுத்தை அறுத்தது. படம் அந்த இடத்துக்கு வந்ததும் கொம்பியூட்டர் முனகும், பிறகு கரகரக்கும், பிறகு படம் உறைந்து திரை கறுத்துப்போகும். அப்பப்பா ஒரு காலைக் குதிரையின்மேல் போட்டபடி அந்தரத்தில் நின்றுவிடுவார்.

"கிராபிக்ஸ் கார்ட்டின்ரை ஃபான் தேஞ்சு போச்சப்பா," என்றாள் கஜந்தி. கட்டட வரைபடம் வரைவது அவள் தொழில்; கொம்பியூட்டரும் அவளுடையதுதான். "சூடு வெளியிலை போகேல்லை. அதுதான் தன்னைத்தானே நிப்பாட்டுது. ஃபானை மட்டும் மாத்தினால் காணும்."

"பழசைத் திருத்தி ஓட்டுற ஆக்களே நாங்கள்? புதுக் கார்ட் எடு."

"கார்ட் நல்லாத்தான் இருக்கு. சில்லுக் காத்துப் போனால் காரையே மாத்துவியளே?"

பரராசசிங்கத்தார் சென்ற வருடம் ஏறக்குறைய அதைத்தான் செய்திருந்தார்.

புதிய விசிறி வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. சனி காலை கஜந்தி கொம்பியூட்டர்ப் பெட்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து, கார்ட்டைக் கழற்றி, சின்னஞ்சிறு திருகாணிகளை எடுத்துத் தேநீர்த் தட்டில் போட்டாள். பழைய விசிறியை விரலால் சுண்டினாள். அது அரைச்சுற்று தள்ளாடி நின்றது. மெல்லிய வயரை உருவி, புதியதைப் பூட்டி, கார்ட்டைத் திரும்பச் செருகினாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்க, எழுந்து போனாள்.

பரராசசிங்கத்தார் வீட்டில் பொட்டு வைக்காமல் எதுவும் ஓடத் தொடங்கியதில்லை. கார், சலவை யந்திரம், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாம் சந்தனம் குங்குமம் கண்டவை. அவர் கிண்ணத்தோடு குனிந்ததைப் பார்த்த மனைவி பாலாம்பிகை, பெட்டிக்கு வெளியில் வைத்தால் போதாதோ என்று கேட்டார்.

"சத்தம் போட்டது பெட்டியே? உள்ளுக்கை இருக்கிறவருக்கெல்லோ வைக்கவேணும்."

கார்ட்டுக்கு அடியில் விரல் நுழைய இடம் கொஞ்சம்தான். விசிறியின் நடுவை எட்டவில்லை. எட்டிய ஓர் இறக்கையின் நுனியில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். குறைத்து வைத்தால் குடும்பத்துக்கல்லவா குறை!

கஜந்தி திரும்பி வந்து, உள்ளே பார்க்காமலே மூடியைப் பூட்டி, சுவிட்சில் கை வைத்தாள்.

"பொறு. ராகுகாலம்."

"ராகு ஹம்முக்கும் வாறவரோ அப்பா? விசா இருக்கோ?"

அவர் சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். கலண்டர் சொன்னபடி காத்திருந்ததில் சந்தனம் காய்ந்து கல்லாயிற்று.

ராகு போனார், மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை பிரவீணனும் அவன் தாய் சியாமளாவும். தேநீர் வருமுன்னமே பரராசசிங்கத்தார் அப்பப்பாவின் வீரத்தையும் குதிரையையும் பற்றி அரைவாசி சொல்லி முடித்துவிட்டார். மீதியைப் படமே சொல்லட்டும் என்று மகளுக்குக் கண் காட்டினார். கஜந்தி பொத்தானை அழுத்தினாள்.

பழைய விசிறி முனகியது. புதியது முழங்கியது. பெட்டிக்குள் யாரோ சிரட்டைகளைப் போட்டுக் குலுக்குவதுபோல் வீடு அதிர்ந்தது. மேசையில் கோப்பைகள் நடுங்கின.

"என்ன அண்ணை, குதிரை வருகுதோ?" என்றார் சியாமளா.

பரராசசிங்கத்தாரின் பார்வை தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த மஞ்சளில் விழுந்தது. ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிற்று. விளங்கியதை விளங்காததாக்க அதைவிடக் குறைந்த நேரமே பிடித்தது.

"பிள்ளைக்கு உதிலை அனுபவம் இல்லை," என்றார். "பிழையாப் பூட்டிப்போட்டாள். நான் அப்பவே வேண்டாமெண்டனான்."

குடும்ப மானத்தைக் காக்கப் புறப்பட்டவர் முதல் வேலையாகப் பெற்ற மகளைக் காட்டிக்கொடுத்தார். அதுவும் அவளைக் கேட்டு வந்தவர்கள் முன்னால். கெட்ட விசிறியை மாற்றலாம். அவையில் வாய் தவறினால் மாற்றுவதற்குத் தபாலில் எதுவும் வராது.

கஜந்தி மின்சார வயரைப் பிடுங்கினாள், பெட்டியைப் படுக்கவைத்து மூடியைத் திறந்தாள், தொலைபேசி வெளிச்சத்தை உள்ளே பிடித்தாள்.

"அன்ரி, இஞ்சை வந்து பாருங்கோ."

சியாமளா குனிந்து பார்த்தார். "வடிவாத்தான் வைச்சிருக்கு," என்றார்.

"ஒரு செட்டையிலை மட்டும் பாரம் ஏறினால் உப்பிடித்தான் உதறும்."

"எங்கட வீட்டிலை பொட்டு வைக்காமல் ஒண்டும் ஓடுறேல்லை," என்று பரராசசிங்கத்தார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"வைச்சும் ஓடேல்லையே, அண்ணை."

சமையலறையில் பாலாம்பிகை இருமினார். சிரிப்பை மறைக்கும் இருமல் எப்படியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கஜந்தி ஈரத்துணியால் இறக்கையைத் துடைத்து, உலரவிட்டு, மீண்டும் ஓடவிட்டாள். சத்தமே இல்லை. அப்பப்பா அந்தரத்திலிருந்து இறங்கிச் சேணத்தில் ஒழுங்காக உட்கார்ந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"அப்பா, நான் பிழையாப் பூட்டினனெண்டு சொன்னனீங்கள். இவையளுக்கு முன்னாலை சொன்னதை இவையளுக்கு முன்னாலையே மாத்துங்கோ."

"பேந்து கதைப்பம் பிள்ளை."

"பேந்து இல்லை. அந்தப் பேரோடை நான் இன்னொரு வீட்டுக்குப் போகமாட்டன். கலியாணமும் வேண்டாம்."

பிரவீணன் வாயைத் திறந்தான். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"என்ட்ஷுல்டிகுங்," என்றார் பரராசசிங்கத்தார் ஜெர்மனில், பஸ்ஸில் யாருடைய காலையோ மிதித்துவிட்டவர்போல.

"தமிழிலை, அப்பா."

முப்பத்தைந்து வருடம் ஜெர்மன் தொழிற்சாலையில் நாளுக்குப் பலமுறை ஜெர்மனில் மன்னிப்புக் கேட்ட மனிதர். தமிழில் ஒருமுறையும் பழகியதில்லை. தொண்டையைச் செருமினார். சால்வையை இழுத்துவிட்டார். சுவரைப் பார்த்துத் தொடங்கி, பாதியில் மகளின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை சரியாத்தான் பூட்டினவள்."

"அப்ப பிழை ஆற்றை?"

சியாமளா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் வாயைப் பார்த்தார்.

"என்ரை," என்றார். சொல்லி முடித்ததும் சுற்றிலும் பார்த்தார். கூரை இடிந்து விழவில்லை.

"சரி, இனிக் கலியாணத்தைக் கதைப்பம்," என்றார் சியாமளா. "எங்கட பக்கத்திலை பிழையை ஒத்துக்கொள்ள ஒருத்தருமில்லை அண்ணை. சொந்தத்திலை ஒராளெண்டாலும் இருக்கிறது நல்லது."

அது புகழ்ச்சியா இல்லையா என்று பரராசசிங்கத்தாருக்குப் பிடிபடவில்லை. புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டு, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.