வாகனம்: கார்

அபராதச் சீட்டை என் கையிலிருந்து பிடுங்கி அண்ணன் மறுபடியும் படித்தான்.

"நிறம் வெள்ளையாம்! உன் கார் நீலம். தெருப் பேர்லயும் எழுத்துத் தப்பு. இந்தக் கேஸ் ஒரு நிமிஷம் நிக்காது."

"விடுண்ணா. கட்டிட்டுப் போயிடலாம்."

"எதுக்குக் கட்டணும்? நான் எதுக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கேன்?"

போக்குவரத்து அலுவலக பெஞ்சில் எங்களுக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தார்கள். சீட்டு என் வீட்டில் இவன் கண்ணில் பட்டதுதான் வினை. மருந்துக் கடையில் வேலை, டாக்டர் சீட்டில் ஓர் எழுத்து பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே என்று கத்தத் தோன்றியது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை, வாயைத் திறக்க முடியவில்லை.

அன்று நான் ஓட்டியது என் காரே இல்லை. பள்ளிக்கூட வேன். அதுதான் என் வேலை. மழை, தாமதம், போனில் முதலாளியின் வசவு, எல்லாம் சேர்ந்து எனக்கு வெறி ஏறிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பின்னால் பிள்ளைகள் பாட்டை நிறுத்தியதுகூட உறைக்கவில்லை. மடக்கிய போலீஸ்காரர் நனைந்துகொண்டே என் லைசென்ஸை மெஷினில் போட்டார். என் பேரில் இருக்கும் காரை அது தானே எடுத்துப் போட்டுக்கொண்டது. நிறம் மட்டும் அவர் கண்ணால் பார்த்துத் தட்டியது. வேன் வெள்ளை.

கார் என்றால் அபராதத்தோடு போகும். பிள்ளைகள் இருந்த வேன் என்றால் லைசென்ஸே போய்விடும். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

அன்று அண்ணன் மகளும் வேனில் முன் சீட்டில், என் பக்கத்தில் இருந்தாள். "அப்பாகிட்ட சொல்லாதே" என்றேன். பாவம், சொல்லவில்லை.

எங்களை அழைத்தார்கள். அண்ணன் முந்திக்கொண்டான்.

"சார், இதுல எல்லாமே தப்பு."

"தேதி என்ன?" என்றார் எழுத்தர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

"பன்னெண்டாம் தேதி, வியாழக்கிழமை." இத்தனை நாள் தப்புகளையே தேடியவன், சரியாக இருந்த தேதியை இப்போதுதான் பார்த்தான். முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினான். "அட! அன்னைக்கு உன் கார் என்கிட்டல்ல இருந்துச்சு? நானே சாட்சி! நீ அன்னைக்குக் காரே எடுக்கல. நீ அன்னைக்கு..."

நிறுத்திவிட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "பாப்பா வண்டியில இருந்தாளா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "இருந்தா" என்றேன்.

"எதிர்க்கிறீங்களா, கட்டுறீங்களா?" எழுத்தர் தலையைத் தூக்கினார்.

அண்ணன் சீட்டை அவர் பக்கம் தள்ளினான். "கட்டிடறோம் சார்." என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நாளையிலேர்ந்து பாப்பாவ நானே ஸ்கூல்ல விட்டுக்கறேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என் லைசென்ஸ் பிழைத்துவிட்டது. நாளைக் காலையில் மற்ற பிள்ளைகளை அவர்களுடைய அம்மாக்கள் என்னை நம்பி ஏற்றிவிட்டு, கையாட்டிவிட்டு உள்ளே போவார்கள். அண்ணன் கேட்ட கேள்வியை என்னிடம் கேட்க அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.

எழுத்தர் முத்திரையைக் கையில் எடுத்தார்.

"இருங்க சார்." சீட்டின் மேல் கையை வைத்தேன். "வண்டிய தப்பா போட்டிருக்காங்க. அது கார் இல்ல."