சரிவுத் தரம்

பிரெஞ்சு ஒயினைத் தரம் பிரிக்கிற முறைப்படிதான் புதுச்சேரியில் கல்யாண வயதுக்காரர்களையும் தரம் பிரிக்கிறார்கள். நாட்டின் பெயர் மட்டும் ஒட்டப்பட்டவர்கள் கடைசி. அவர்களுக்கு மேல், வட்டாரத்தின் பெயர் உள்ளவர்கள். அதற்கும் மேல், கிராமத்தின் பெயர். உச்சியில், அந்தக் கிராமத்துக்குள் ஒரே ஒரு மலைச்சரிவின் பெயரைச் சுமப்பவர்கள்.

இன்று என் முறை. காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் கட்டிக்கொள்ளப் போகிற பெர்ப்பெத்துவா சரிவுத் தரம். அந்தத் தரத்தாரை உடனே திறக்கமாட்டார்கள். நிலவறையில் பக்கவாட்டில் படுக்கவைத்து முதிர விடுவார்கள். போன மழைக்காலத்திலிருந்து அவள் அங்கேதான் படுத்திருக்கிறாள். பக்கத்து இடம் காலி. எனக்கும் அதே தரம் கிடைத்தால் அந்த இடம் எனக்கு. அதற்காகவே நாள் தவறாமல் வெல்லம் தின்று என்னை இனிப்பாக்கி வைத்திருந்தேன்.

தர அலுவலகத்தின் நடைகூடம் நான் நடக்க நடக்க நீண்டது. ஓடினேன். அதுவும் ஓடியது. கடைசியில் அதற்கு மூச்சு வாங்கியது. அறை வந்துவிட்டது.

அதிகாரி அந்துவான் முசியே என் காதுக்குப் பின்னால் முகர்ந்தார். என்னை ஒரு மடக்கு சுவைத்து, கோப்பையில் துப்பினார்.

"நல்லாத்தான் இருக்கீங்க," என்றார்.

"அப்ப சரிவுத் தரமா, முசியே?"

"ருசிக்கும் தரத்துக்கும் என்ன சம்பந்தம்? நாங்க மண்ணத்தான பாக்குறோம். எங்க வெளைஞ்சீங்க?"

ஓடும் ரயிலில் பிறந்தேன், அப்பாவின் வேலை மாற்றலில் ஊர் ஊராக வளர்ந்தேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் நானா விடுவேன்? பெர்ப்பெத்துவா விளைந்த சரிவிலிருந்து மண் அள்ளி, இரண்டு காலணிகளிலும் நிரப்பி வந்திருந்தேன். கழற்றி மேசைமேல் கொட்டினேன்.

அந்துவான் எழுந்து நின்று மண்ணுக்கு வணக்கம் சொன்னார். அதற்குச் சரிவுத் தரம் கொடுத்தார். இரண்டு பேர் அதைக் கைத்தாங்கலாக எடுத்துப்போய், பெர்ப்பெத்துவாவின் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். என் நெற்றியில் அந்துவான் நாட்டின் பெயரை மட்டும் ஒட்டினார்.

நான் அழுதேன். தின்ற வெல்லத்துக்குக் கண்ணீர் பாகாகத்தான் வந்தது. துடைக்கத் துடைக்க ஒட்டியது.

அப்போது நிலவறைக் கதவு திறந்தது. பெர்ப்பெத்துவா தலையெல்லாம் தூசியோடு மேலே வந்தாள். பக்கத்தில் நான் வருவேன் என்று பார்த்தால் மண் வந்து படுக்கிறதே என்று எழுந்துவிட்டாளாம். தன்னையும் என்னையும் ஒரே புட்டியில் ஊற்றச் சொன்னாள்.

அந்துவான் பதறிப்போனார். இரண்டு தரம் கலந்தால் இரண்டும் கீழ்த்தரம்தான் என்றார். சரிவின் பெயர் போய்விடும், கிராமத்தின் பெயர் போய்விடும், விளைந்த வருஷத்தைக்கூட எழுத முடியாது என்றார்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"என்னை எப்பத் தொறப்பீங்க, முசியே?"

"இன்னும் முப்பது வருஷமாவது ஆவும்."

"இவரை?"

"இவரையா? இன்னிக்கு மதியச் சாப்பாட்டுக்கே."

"அப்ப ஊத்துங்க," என்றாள்.

ஊற்றினார்கள். உள்ளே நெருக்கமாக இருந்தது. வெளியே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ மீன் குழம்பின் மூடியைத் திறந்தார்கள். எங்கள் தலைக்கு மேல் தக்கை முனகியது. பெர்ப்பெத்துவா என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.