இருபதுக்கு ஒன்று

யாக்கூப்பின் லோடு ஆட்டோ மேலகரம் தாண்டி ஏசுவடியானின் பட்டறை முன்னால் நின்றபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆனி மாதம். குற்றாலத்துக்குப் போகிற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. குளித்துவிட்டுத் திரும்புகிற வேன் ஒன்றின் ஜன்னல்களில் ஈரத் துண்டுகள் படபடத்தன.

ரூபி உடனே இறங்கவில்லை. இந்தப் பட்டறைக்கு மேல்மாடியில்தான் அவள் ஏசுவடியானோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தினாள். கடந்த ஒன்றரை வருஷமாகக் கீழப்பாவூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

"இறங்குங்க மைனி. மோட்டார நான் ஒத்தையில தூக்கினா என் இடுப்புக்கும் அண்ணாச்சிதான் ஸ்பேர் பார்ட்ஸ் மாத்தணும்" என்றான் யாக்கூப்.

ஏசுவடியான் பட்டறைக்குள்ளிருந்து வந்தான். மருந்து தெளிக்கிற ஸ்பிரேயரையும் புல் வெட்டுகிற மெஷினையும் பழுது பார்த்துப் பார்த்துக் கறுத்துப் போன கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தவன், ஆட்டோவின் பின்னால் கிடந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பதினைந்து குதிரைச் சக்தி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் படகு மோட்டார். பக்கத்தில் மஞ்சள் நிற பெட்ரோல் கேன். இரண்டும் ரூபியின் தம்பி ஜோஷ்வாவுடையவை.

"ஸ்டேஷன்ல கேஸ முடிச்சுக் குடுத்துட்டாவ" என்றாள் ரூபி. "அம்மா பழைய இரும்புக்குப் போடச் சொல்லுதா. எனக்கு அது ஏன் நின்னு போச்சுன்னு தெரியணும். அது தெரியாம நான் இங்கன வாரதா, அங்கனயே இருக்கதான்னு முடிவு பண்ண முடியல."

அவன் ஆட்டோவின் பின்பலகையை இறக்கினான்.

ஜோஷ்வா இலஞ்சிப் பக்கம் ஒரு விடுதிக் குளத்தில் சீசனுக்குப் படகு ஓட்டினான். தன்னைவிட மூன்றே வயது இளைய அந்த மோட்டாரைத் தூத்துக்குடியில் வாங்கி வந்து, "இதுக்கு அத்தான் இருக்காவ, எனக்கென்ன கவலை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் பேய்மழை கொட்டிச் சிற்றாறு தோப்புகளுக்குள் புகுந்த அன்று, யாரும் கூப்பிடாமலே படகை எடுத்துக்கொண்டு போனான். முதல் நடையில் நான்கு பேரைக் கரை சேர்த்தான். இரண்டாம் நடையில் மூன்று பேரை ஏற்றித் திரும்பும்போது மோட்டார் இழுக்கவில்லை. படகு தடுப்பணையைப் பார்த்து நழுவியது. கயிற்றோடு குதித்து, ஒரு தென்னையில் படகைக் கட்டினான். படகு நின்றது. அவனைத் தண்ணீர் கொண்டுபோனது.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஏசுவடியான் அந்த மோட்டாரை சர்வீஸ் பண்ணிக் கொடுத்திருந்தான். கல்லறைத் தோட்டத்தில் ரூபி அவனிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னாள். "நீங்க பாத்த மோட்டார்தான." அவன் மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கே அவள் அம்மாவோடு போய்விட்டாள்.

யாக்கூப்பும் அவனுமாக மோட்டாரைத் தூக்கி, தண்ணீர் நிரப்பிய டிரம்மின் விளிம்பில் பலகை வைத்து மாட்டினார்கள். யாக்கூப் நிலைமையைப் புரிந்துகொண்டவனைப் போல, டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

"படகுல இருந்தவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டான் ஏசுவடியான்.

"சத்தம் இருந்துச்சாம். தள்ளுத வேகம் இல்லையாம். நீலமா ஒரே புகையாம்."

அவன் கீழிருந்து தொடங்கினான். தண்ணீருக்குள் இருந்த மோட்டார் விசிறியைக் கையால் பிடித்து முறுக்கிப் பார்த்தான். உள்ளே இருக்கும் ரப்பர் வழுக்கினால் எஞ்சின் மட்டும் சுற்றும், விசிறி சுற்றாது. வழுக்கவில்லை. பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும் கைப்பம்பை அமுக்கினான். கல்லு மாதிரி இறுகி நின்றது. எங்கும் கசிவில்லை. பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். சுத்தமாக இருந்தது.

ஒவ்வொன்றையும் பார்த்து முடித்ததும் "இது இல்ல" என்று மட்டும் சொன்னான். அவன் "இது இல்ல" என்னும்போதெல்லாம் ரூபிக்குள் ஏதோ ஒன்று லேசானது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவன் குற்றவாளி இல்லை என்று ஆகிவிட வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் வந்தோமா? மாடிப்படியைப் பார்த்தாள். அவள் வைத்த மணிபிளான்ட் இன்னும் இருந்தது. தண்ணீர் ஊற்றியிருக்கிறான்.

பிளக்குகளைக் கழற்றி அவள் பக்கத்தில் செய்தித்தாளில் வைத்தான். மேல் சிலிண்டரின் பிளக்கில் கரி திட்டுத் திட்டாக ஏறியிருந்தாலும் முனை காய்ந்திருந்தது. கீழ் சிலிண்டரினுடையது கன்னங்கரேலென்று, எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தது.

"கீழ சிலிண்டர் அடிக்கல. ஒரு சிலிண்டர வச்சுத்தான் ஓடியிருக்கு. சும்மா நிக்கும்போது தெரியாது. ஆளு ஏறி, எதிர்த்தண்ணியும் வந்தா இழுக்காது."

"ஏன் அடிக்கல?"

"அதத்தான் பாக்குதேன்."

புது பிளக் மாட்டிக் கயிற்றை இழுத்துப் பார்த்தான். நீலமாகப் பொறி தெறித்தது. காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரை இரண்டு சிலிண்டரிலும் மாற்றி மாற்றி வைத்தான். முள் இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றது. கார்புரேட்டரைப் பிரித்தான். பெட்ரோல் காய்ந்து பிசினாகப் படிந்திருந்ததைத் தவிர அதில் வேறு குறையில்லை.  

"எஞ்சின்ல ஒரு தப்பும் இல்ல ரூபி" என்றான். ஒன்றரை வருஷமாகத் தூங்காதவனின் குரல் அது. "இனி பெட்ரோல்தான் பாக்கி."

கேனின் மூடி இறுகியிருந்தது. பலமாகத் திருகித் திறந்தான். இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். முகம் மாறியது. ஒரு பாட்டில் மூடியில் அதிலிருந்து ஊற்றி வைத்தான். இந்த மோட்டாருக்கு எப்போதும் கலக்கிறபடி புதுப் பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்து அதே அளவு இன்னொரு மூடியில் ஊற்றினான். இரண்டையும் மின்விசிறிக்குக் கீழே வைத்தான்.

"பெட்ரோல் பறந்துரும். ஆயில் மட்டும் நிக்கும். எது எவ்வளவுன்னு தெரிஞ்சிரும். ஆயில் கூடிப்போனா பிளக் நனைஞ்சு அடிக்காது."

டீ வந்தது. கொடுத்துவிட்டு யாக்கூப் மறுபடியும் வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான். இருவரும் மூடிகளைப் பார்த்தபடி குடித்தார்கள். காத்திருக்கிற நேரம் நீண்டது.

"கேன்ல தப்பு வராது" என்றாள் ரூபி, அவனைத் தேற்றுகிற மாதிரி. "அன்னைக்குக் காலையில நான்தான ஆயில் ஊத்தினேன். இருபது லிட்டருக்கு ஒரு லிட்டர். சரியா அளந்துதான் ஊத்தினேன்."

அவன் டம்ளரை வாயிலிருந்து எடுத்தான்.  பிறகு எழுந்து போய், மின்விசிறிக்குக் கீழே இருந்த மூடிகளில் ஒன்றை எடுத்து வாசல் பக்கம் நடந்தான்.

"எங்க கொண்டு போறீய?"

"பழைய பெட்ரோலு. இதுல ஒண்ணும் தெரியாது. நான்தான் கார்புரேட்டர்ல எங்கயோ கோட்ட விட்டிருக்கேன். சர்வீஸ்ல தப்பு நடந்துட்டு. விட்ரு ரூபி."

"இப்பதான எஞ்சின்ல தப்பு இல்லன்னீய?"

அவள் எழுந்து அவன் கையைப் பிடித்து மூடியை வாங்கினாள். கொண்டுபோய் மற்றதன் பக்கத்தில் வைத்தாள். புதுசில் அடியில் மெல்லிய ஏடு போல ஆயில் நின்றது. கேனிலிருந்து எடுத்ததில் அதைப்போல இரண்டு மடங்கு.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமான முதல் வருஷம் அவள் கொண்டுவந்தது. அவன் மறதிக்காரன். ஆயில் கலந்தோமா இல்லையா என்று தெரியாமல் ஒருத்தரின் ஸ்பிரேயரைப் பாழாக்கிவிட்டான். அன்றிலிருந்து, யார் ஆயில் கலந்தாலும் கேனின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிட வேண்டும். ரப்பர் பேண்ட் இருந்தால் கலந்தாயிற்று. கேட்கவே வேண்டாம். பதினோரு வருஷம் அது தவறியதில்லை.

"நீங்க கலந்திருந்தீயளா?" என்று கேட்டாள் ரூபி.

"முந்தின நாளு ராத்திரி. ஜோஷ்வா கேன நிரப்பி இங்க வச்சிட்டுப் போயிருந்தான். கரண்ட் இல்ல. ரப்பர் பேண்டத் தேடினேன், கைக்கு ஆப்படல. காலையில போட்டுக்கிடலாம்னு மேல வந்துட்டேன்."

அந்தக் காலையும் மின்சாரம் இல்லை. ஜோஷ்வா மழையில் நனைந்தபடி கீழே நின்று, "அக்கா, கேன் ரெடியா?" என்று கத்தினான். அவள் டார்ச்சோடு இறங்கினாள். மஞ்சள் கேன், கழுத்தில் ஒன்றுமில்லை. இந்த மனுஷன் வழக்கம்போல மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அளந்து ஊற்றினாள். மேலே அவன் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தான். ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டிருந்தால் போதும்.

கேட்கவில்லை. முந்தின நாள் ஞானபாக்கியம் சித்தி வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு அவன் வரவில்லை என்று சண்டை. இரண்டு பேரும் பேச்சு நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் தானாகத் தீர்ந்துபோயிருக்கக்கூடிய சண்டை.

"நான் பேண்ட் போடல. தப்பு என்னுதுதான்" என்றான் அவன்.

"நான் கேக்கல."

 அவன் தொட வரவில்லை. அவளும் அழவில்லை. சாரல் பலத்துத் தகரக் கூரையில் விழுந்தது.

அவள் மோட்டாரைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க."

"வேண்டாம் ரூபி."

"ஓட்டுங்க."

கார்புரேட்டரைக் கழுவி மாட்டினான். புதுக் கலவையை ஊற்றி, பிளக்குகளை மாற்றினான். நான்காவது இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. டிரம்மின் தண்ணீர் கொதிப்பது போல் புரண்டு சிமெண்டுத் தரையெல்லாம் வழிந்தது. வேகத்தைக் கூட்டினான். இரண்டு சிலிண்டரும் ஒன்றுபோல அடித்தன. சீசன் நாட்களில் கரையில் இருந்தே கேட்கும் சத்தம். இந்தச் சத்தம் கேட்டால் தம்பி திரும்பி வருகிறான் என்று அர்த்தம்.

யாக்கூப் வாசலில் எட்டிப் பார்த்தான். "பாத்தீயளா மைனி? அண்ணாச்சி கை வச்சா எது ஓடாது?"

ஏசுவடியான் மோட்டாரை நிறுத்தினான்.

"அம்மாகிட்ட சொல்லணும்" என்றாள் ரூபி.

"அத்தைக்கிட்டயா? எதுக்கு? இத்தன நாளு என்னையத்தான ஏசுதாவ. அப்படியே ஏசிட்டுப் போகட்டும். மவனும் போயி, மவளயும் வெறுத்துட்டு அவுக எப்படி இருப்பாவ?"

"தெனமும் மூணு வேளையும் உங்கள ஏசுதா. நான் பக்கத்துல உக்காந்து சோறு திங்கேன். இனிமே எப்படித் திம்பேன்?"

 அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேந்துதான் ஊத்தினோம். ரெண்டு பேருமாச் சொல்லணும். கிளம்புங்க."

அவன் கைகளை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினான். சட்டை மாற்றினான். பட்டறையின் ஷட்டரை இழுத்துப் பூட்டினான். உள்ளே இரண்டு மூடிகளும் மின்விசிறிக்குக் கீழே அப்படியே இருந்தன.

ஆட்டோவின் முன்னால் டிரைவரோடு ஒருவர்தான் உட்காரலாம். ரூபி ஏறிக்கொண்டாள். அவன் பின்னால், மோட்டார் கிடந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தான்.

தென்காசி தாண்டும்வரை யாக்கூப் ஏதேதோ பேசிப் பார்த்தான். பிறகு அவனும் அடங்கிவிட்டான். ரூபி முதுகுக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். ஏசுவடியானின் முதுகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நிறுத்தி, உள்ளே நெருக்கி உட்காரச் சொல்லலாம். மூன்று பேர் எப்படியாவது அடங்கிவிடலாம்.

அவள் நிறுத்தச் சொல்லவில்லை.  கண்ணாடியில் கை வைத்து அவன் முதுகைப் பார்த்தபடியே இருந்தாள். கீழப்பாவூர் வந்துவிட்டது.