மீன்பெட்டிக்குள் இரண்டு குழல்கள்

குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் பாடகர் குழுப் பயிற்சியில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, அபிகாயில் மட்டும் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நின்றாள்.

சிரிப்புக்குக் காரணம் கிறிஸ்டி அண்ணன். இரும்புலியூரில் அவள் போகும் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரம் வந்துவிட்டால் கீபோர்டை மூடி மேலே வெள்ளைத் துணியைப் போட்டுவிடுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை முழுக்க வெறும் குரல்தான். ஆகவே பயிற்சியும் வெறும் குரலில்தான். சிலுவைப் பாட்டின் ஐந்து சரணத்தையும் குழு உருகி உருகிப் பாடி முடித்தது. கீழ்க்குரல் ஆல்ட்டோவும் மேல்குரல் சோப்ரானோவும் ஒன்றோடொன்று அப்படி இழைந்து போயின. "நம்மள அடிச்சிக்க ஆளே இல்ல" என்று எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி நின்ற நேரம் பார்த்து, கீபோர்டு வாசிக்கும் கிறிஸ்டி அண்ணன் துணியை ஒரு ஓரமாகத் தூக்கி, எந்தச் சுருதியில் ஆரம்பித்தார்களோ அந்த ஸ்வரத்தை அழுத்தினார். குழு நின்ற இடம் ஒன்று, கீபோர்டு நின்ற இடம் வேறொன்று. பாடப் பாட மொத்தக் கூட்டமும் கைகோத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது.

"வருஷா வருஷம் இதே கதைதான்" என்றார் கிறிஸ்டி. "எல்லாரும் சேர்ந்து எறங்குறீங்க. பக்கத்துல இருக்கறவங்களோட ஒத்துப்போகுது, அதனால யாருக்கும் தெரியறதில்ல."

அபிகாயிலும் வருஷா வருஷம் சிரிக்கிறவள்தான். இந்த வருஷம் சிரிக்க முடியவில்லை. அவளுடைய இரண்டு லேசர்கள் நினைவுக்கு வந்துவிட்டன.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் அவள் ஐந்து வருஷமாக ஆராய்ச்சி மாணவி. ஒளியும் ஒரு அலைதான். ஒரு நொடியில் அது எத்தனை முறை அதிர்கிறது என்பது அதன் அதிர்வெண். அதைத் துல்லியமாக அளக்க முடிந்தால் கடிகாரம் செய்யலாம், தூரம் அளக்கலாம், பூமி அசைவதைக்கூடக் கண்டுபிடிக்கலாம். ஆனால் லேசர் என்பது சுபாவத்தில் நிலைகொள்ளாத பிறவி. கதவைச் சாத்தினால் அதிர்வெண் மாறும், யாராவது இருமினால் மாறும். அதைக் கட்டிப்போடத்தான் கண்ணாடிக் குழல். குழலின் இரு முனைகளிலும் ஆடி பதித்திருக்கும். இரண்டு ஆடிக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்துகிற அதிர்வெண்ணில் மட்டும் இரு என்று லேசருக்குக் கட்டளை. குழலின் நீளம் மாறாதவரை லேசரும் மாறாது.

அவளிடம் இப்படி இரண்டு சிவப்பு லேசர்கள், இரண்டு குழல்கள். இரண்டு ஒளியையும் ஒன்றாகக் கலந்தால் அவற்றின் அதிர்வெண்ணில் உள்ள வித்தியாசம் மட்டும் தனியாக வரும். அதைக் காதுக்குக் கேட்கிற அளவுக்கு இறக்கி ஒரு ஸ்பீக்கரில் விட்டிருந்தான் தனசேகர். அவளுக்கு அடுத்த மாணவன், இரண்டாவது லேசரைக் கட்டியவன். ஸ்பீக்கர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியது. நான்கு வருஷம் அந்த ஸ்பீக்கர் நாய்க்குட்டி மாதிரி ஏறியும் இறங்கியும் ஊளையிட்டது. அப்புறம் தனசேகருக்கு ஒரு யோசனை வந்தது. அவன் அம்மா அங்காளம்மா கீழ்க்கட்டளையில் மீன் விற்கிறவள். ஐஸ் போட்டு மீன் வைக்கிற பெரிய தெர்மோகோல் பெட்டி ஒன்றை அவளிடம் கேட்டு வாங்கி, பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டுக் கொண்டுவந்தான். ஏசிக் காற்று படாமலிருக்க இரண்டு குழலையும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூடினார்கள். அறை முழுக்க லேசான கவிச்சி வாடை. ஆனால் ஸ்பீக்கர் ஊளையை விட்டு ஒரே ஸ்வரத்தில் நின்றது. பொழுது விடிந்தாலும் சாய்ந்தாலும் அதே ஸ்வரம்.

அன்றைக்கு இரண்டு பேரும் குதித்த குதியில் கீழ்த்தளத்து கெமிஸ்ட்ரிக்காரர்கள் மேலே வந்து என்னவென்று கேட்டார்கள். அந்த ஸ்வரத்தின் அசையாத்தன்மையை எண்ணாக்கிப் போட்டுத்தான் அபிகாயிலின் ஆய்வேடே நிற்கிறது. புதன்கிழமை வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். அவர் பார்த்துத் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடலாம். அவள் அம்மா ஞானஜோதி பள்ளிக்கூட டீச்சர். தெருவில் இரண்டு பக்கமும் வீடு விடாமல் "எம்பொண்ணு டாக்டராகப் போறா" என்று சொல்லி முடித்தாகிவிட்டது.

இப்போது கிறிஸ்டி அண்ணன் ஒரு கட்டையை அழுத்திவிட்டு அத்தனைக்கும் உலை வைத்துவிட்டார். இரண்டு லேசரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, சரி. இரண்டும் சேர்ந்தே இறங்கிக்கொண்டிருந்தால்?

பாடப்புத்தகத்தில் ஆரம்பத்திலேயே போட்டிருக்கிற எச்சரிக்கைதான் இது. அபிகாயிலே ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் நாலு வருஷம் ஊளையைக் கேட்டவர்களுக்கு அழகான எண் ஒன்று கையில் வந்து விழுந்தால், அதை யார் திருப்பிப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

திங்கட்கிழமை காலையில் அவள் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் நேரே அலமாரியைத் திறந்தாள்.

"இன்னாக்கா தேடுற?" என்றான் தனசேகர். அவன் புதன்கிழமைக்காக மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அயோடின் குப்பி."

"அதெதுக்கு இப்ப? லேசர மொதல்ல செட் பண்ணப்ப தொட்டது."

"நம்ம ரெண்டு லேசரும் எறங்குதான்னு பாக்கணும்."

"எறங்கினா ஸ்பீக்கர்ல தெரியாதா?"

"சேர்ந்து எறங்கினா?"

தனசேகர் துடைப்பதை நிறுத்தினான். பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அக்கா, நாளன்னிக்கு மீட்டிங்" என்றான். அது அவளுக்கும் தெரியும். பாதி ராத்திரி தூக்கமில்லாமல் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பார்க்காமல் எப்படி இருப்பது? ஒரு பல் ஆடுகிறது என்று தெரிந்துவிட்டால் நாக்கு சும்மா இருக்குமா? பயத்தைவிட, என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு அவளுக்குப் பெரிதாக இருந்தது.

விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. உள்ளே அயோடின் ஆவி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஊதா. அயோடினுக்குத் தனக்கென்று பிடித்த அதிர்வெண்கள் உண்டு. அந்த ஒளி வந்தால் விழுங்கும், கொஞ்சம் விலகி வந்தால் விட்டுவிடும். பெட்டி, ஏசி, தாம்பரத்து வெயில், புதன்கிழமை மீட்டிங் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. அபிகாயில் முதல் லேசரிலிருந்து கொஞ்சம் ஒளியைப் பிரித்துக் குப்பி வழியாக அனுப்பினாள். லேசர் தன் அதிர்வெண்ணிலேயே நின்றால், குப்பியைத் தாண்டி வரும் ஒளியின் கோடு திரையில் படுத்துக் கிடக்க வேண்டும்.

கோடு படுக்கவில்லை. மெதுவாக, அவசரமே இல்லாமல் ஏறியது. ஸ்பீக்கர் மட்டும் அதே ஸ்வரத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி பாடிக்கொண்டிருந்தது.

"லேசர் பவர் ஏறியிருக்கும்" என்றான் தனசேகர் சட்டென்று. நியாயமான சந்தேகம். குப்பிக்கு முன்னால் அளந்தார்கள். பவர் ஏறவில்லை.

"ஒரு லேசர்தான நழுவுது. இன்னொண்ணு நல்லாத்தான கீது?" என்றான். அதுவும் நியாயந்தான். ஒளியை இரண்டாவது லேசருக்கு மாற்றினார்கள். டீ குடிக்கக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே ஏற்றம், அதே வேகம்.

அபிகாயில் எழுந்து போய்ப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். கவிச்சி வாடையோடு ஏசிக் காற்று உள்ளே இறங்கியது. ஸ்பீக்கர் ஒரு தடவை செருமிவிட்டு மறுபடி பழைய ஸ்வரத்துக்கே வந்தது. திரையில் கோடு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு திரும்பி இறங்கத் தொடங்கியது.

இதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே இடத்தில் செய்த கண்ணாடிக் குழல்கள். ஒரே பெட்டிக்குள் சேர்ந்து சூடாகி சேர்ந்தே நீள்கின்றன. நீளும்போது லேசர்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகின்றன. பெட்டி நிலையாக வைத்திருந்தது அவற்றின் ஒற்றுமையை மட்டும்தான்.

"ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு பாரேன்" என்றாள் அபிகாயில். அவளையறியாமல் வந்துவிட்டது. சொன்ன கையோடு கண்ணில் நீர் முட்டியது. ஐந்து வருஷம்.

தனசேகர் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நாந்தான் அந்தப் பொட்டிய எடுத்தாந்தேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இத நாம பாக்கவே இல்லைன்னு வச்சுக்கினா?"

அபிகாயிலும் அதை நினைக்காமல் இல்லை.

மத்தியானம் ஷர்மிளா மேடத்திடம் காட்டினார்கள். அபிகாயிலின் ஆராய்ச்சி வழிகாட்டி அவர். மேடம் திரையின் முன்னால் வெகுநேரம் நின்றார். கோபப்படவில்லை. "நானும் பாக்கலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "மீட்டிங்கத் தள்ளிப் போடச் சொல்லவா? அவசரமா ஒரு காரணம் சொல்லிடலாம்."

தள்ளிப் போடலாம்தான். சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டு பிறகு வரலாம். ஆனால் அபிகாயிலுக்குள் வேறொரு கேள்வி முளைத்திருந்தது. நாம் சொல்லாவிட்டால், வருகிறவர் தானாகக் கண்டுபிடிப்பாரா?

"வேணாம் மேடம். வரட்டும். ரெண்டையும் காட்டறேன்."

புதன்கிழமை வந்த பேராசிரியர் நரைத்த தலை, நல்ல மனுஷர். அபிகாயில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய் அந்த எண்ணைத் திரையில் போட்டாள். அவர் முன்னால் சாய்ந்தார். "பிரமாதம்மா. இந்த வசதியில, இந்தக் கட்டடத்துல இப்படி ஒரு ஸ்டெபிலிட்டியா!" என்று மேஜையைத் தட்டினார். ஸ்பீக்கரின் ஸ்வரத்தைக் கேட்டுவிட்டு இன்னும் மகிழ்ந்தார். கேள்வி ஏதாவது கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அந்த ஒரு கணம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அம்மா, தெரு, டாக்டர், எல்லாம் அந்தப் பேனா முனையில் இருந்தன. சும்மா நின்றால் போதும்.

"சார், இன்னும் ஒரு ஸ்லைடு இருக்கு" என்றாள்.

அயோடின் கோடு ஏறுவதையும், மூடியைத் திறந்ததும் இறங்குவதையும் காட்டினாள். பேராசிரியர் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

"அப்ப இந்த நம்பர்?"

"ரெண்டும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னுதான் சார் அது. எவ்வளவு நிலையா இருக்குன்னு இல்ல."

"நிஜமான ஸ்டெபிலிட்டி எவ்வளவு?"

"தெரியாது சார்."

அவர் வந்து உட்கார்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஷர்மிளா மேடம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"போன மாசம் வேறொரு ஊர்ல இதே மாதிரி ஒரு நம்பரப் பாராட்டி, கையெழுத்தும் போட்டுட்டு வந்தேன்" என்றார் மெதுவாக. "அவங்ககிட்டயும் ரெண்டு லேசர்தான்."

அபிகாயிலால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எத்தன பெட்டி சார்?"

"கேக்கலையேம்மா."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, குனிந்து, மீன்பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார். வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டே பார்த்தார். "இப்ப நான் கையெழுத்துப் போட முடியாது, தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"ஒரு வருஷங்கூட ஆகலாம்."

"ஆகட்டும் சார்."

வாய் ஆகட்டும் என்றது. அவர் போனதும் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது, இன்னொரு வருஷம் இந்தப் படியில் எப்படி ஏறுவது. தனசேகர் பக்கத்துப் படியில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அடித்தது. கைதவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"இன்னாடா, பொட்டி எப்போ தருவ?" அங்காளம்மாவின் குரல் மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. "வெயில் கொளுத்துது, ஐஸ் போட எடமில்லாம பேஜாரா கீது. பாஸாயிட்டீங்களா இல்லியா?"

"இல்லம்மா. பெயிலு. பொட்டியாலதான். ரெண்டயும் ஒரே பொட்டில வச்சிருக்கக் கூடாதாம். தனித்தனியா வச்சிருக்கணுமாம்."

அந்தப் பக்கம் மீன் சந்தை இரைச்சலையும் மீறிக் குரல் உயர்ந்தது.

"அட அறிவு கெட்டவனே! ஒரு பொட்டி பத்தலன்னா வாயத் தொறந்து கேக்க மாட்டியா? இன்னொண்ணு தர மாட்டேன்னா சொன்னேன்? அதுக்கா அந்தப் பொண்ணு படிப்பப் போக்கடிச்ச? சாய்ங்காலம் வந்து எடுத்துனு போ."

அபிகாயிலுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து புரையேறியது.

ஈஸ்டர் முடிந்து ஆய்வகத்தைத் திறந்தபோது இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று கதவோரம், இன்னொன்று ஜன்னலோரம். குழல்களைத் தனித்தனியாக வைத்து மூடி, லேசர்களைப் போட்டு, தனசேகர் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். அது பழையபடி ஊளையிட்டது. ஏறியது, இறங்கியது, நின்றது, மறுபடி ஏறியது. அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"நிறுத்திடட்டாக்கா?"

"இரு, இரு. இப்பத்தான் அது உள்ளதச் சொல்லுது. இப்ப ஏறிச்சே, வெளியில ரயில் போச்சா?"

"ரயிலா? தெரிலயே."

"ஜன்னல் பக்கத்துப் பெட்டில வெயில் படுதா பாரு" என்று சொல்லிக்கொண்டே அபிகாயில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அயோடின் குப்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.